பேசிக்கொள்ளாத இரண்டு அத்தியாயங்கள்: கலப்பு முறை ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சமூக அறிவியல் ஆய்வேடுகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. அவற்றில் ஒரு வகை நன்றாகப் பழகிவிட்டது. நான்காம் அத்தியாயத்தில் முந்நூறு பேரிடம் வினாப்பட்டியல் நிரப்பி எடுத்த அட்டவணைகள் இருக்கும். ஐந்தாம் அத்தியாயத்தில் பதினைந்து பேரின் நேர்காணல்கள் இருக்கும். ஒரே வீட்டில் குடியிருந்தும் முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகளைப் போல அவை இரண்டும் தனித்தனியே கிடக்கும். முன்னுரையில் மட்டும் ‘கலப்பு முறை ஆய்வு’, அதாவது எண்ணையும் பேச்சையும் இணைத்துச் செய்த ஆய்வு, என்று எழுதியிருக்கும். ஒரு பிள்ளை இரண்டு வருடம் வெயிலில் அலைந்து சேர்த்தது இப்படிப் பாதிப் பயனோடு நின்றுபோவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

உங்கள் ஆய்வு உண்மையிலேயே கலப்பு முறைதானா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. நேர்காணல் அத்தியாயத்தைக் கிழித்து எடுத்துவிடுங்கள். அட்டவணை அத்தியாயத்தில் ஒரு வரியாவது தடுமாறுகிறதா? தடுமாறவில்லை என்றால் நீங்கள் செய்தவை இரண்டு ஆய்வுகள். எண்சார் பகுதியும் (கணக்கெடுப்பு) பண்புசார் பகுதியும் (நேர்காணல்) எந்த இடத்தில் சந்திக்கும், சந்தித்தபின் எது எதை மாற்றும் என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த ஒரு முடிச்சைச் சுற்றித்தான்.

முதலில் மூன்று கேள்விகள்

கையில் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போய்வருகிறார்கள். ‘விடியல் பயணம்’ என்று அதற்குப் பெயர். இந்தப் பயணம் பெண்களின் வேலையை மாற்றியிருக்கிறதா என்று தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் நீங்கள் ஆராயப்போகிறீர்கள்.

ஒரு தாளை எடுத்து இந்தக் கேள்வியை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். முதலாவது, எண்ணால் மட்டும் பதில் சொல்லக்கூடியது: எத்தனை பெண்கள் ஊருக்கு வெளியே கூலி வேலைக்குப் போகிறார்கள், வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு தூரம்? இரண்டாவது, பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும்: பஸ் காசு மிச்சமானபோது அதை என்ன செய்வது என்று வீட்டில் யார் சொன்னார்கள்? எந்த வேலையை வேண்டாம் என்று விட முடிந்தது? மூன்றாவது கேள்விதான் கடினம். இரண்டும் சேர்ந்தால் ஒழிய அதற்குப் பதில் வராது: அதிகம் பயணம் செய்யும் பெண்களும் பஸ் ஏறாத பெண்களும் ‘வேலை’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள் கொள்கிறார்களா? இல்லையென்றால், எண்ணிக்கையில் தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு அந்தப் பொருள் வேறுபாட்டால் வந்தது?

மூன்றாவது கேள்வியை எழுத வரவில்லை என்றால் உங்களுக்குக் கலப்பு முறை தேவையில்லை. அதில் குறைவொன்றும் இல்லை. ஒரே முறையை ஒழுங்காகச் செய்த ஆய்வு, வழிகாட்டி ஆசிரியர் கேட்கிறார் என்பதற்காக ஒட்டுப்போட்ட ஆய்வைவிட எவ்வளவோ மேல்.

மரியென்தாலில் செய்து காட்டியது

முடிச்சு என்பது எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு பழைய ஆய்வைத்தான் மாணவர்களிடம் சொல்வேன். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குத் தென்கிழக்கே மரியென்தால் என்று ஓர் ஆலைக் குடியிருப்பு. ஊரே ஒரு ஜவுளி ஆலையை நம்பி இருந்தது. 1929இல் ஆலையை மூடத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு வேலை அடியோடு நின்றது. அங்கிருந்த 478 குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் சம்பாதிப்பவர் ஒருவர்கூட இல்லை. பால் லாசர்ஸ்ஃபெல்ட், மரீ யஹோடா, ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அடங்கிய குழு 1931 இறுதியில் அங்கே போனது. சும்மா வேடிக்கை பார்ப்பவர்களாகப் போகக்கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. துணிகளைச் சேகரித்துக் கொடுத்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள், இலவச மருத்துவ ஆலோசனை கொடுத்தார்கள். அந்த வழியில்தான் வீடுகளுக்குள் நுழைந்தார்கள்.

ஊர் நூலகத்தின் கணக்கைப் பார்த்தார்கள். இரவல் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும், 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் போன புத்தகங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. கையில் நேரம் கூடியிருக்கிறது, வாசிப்பு குறைந்திருக்கிறது. எண் கேள்வியைக் கேட்டுவிட்டது. அதற்கு மேல் அதனால் நகர முடியாது.

இப்போது நேரக் குறிப்புத் தாள்களுக்கு வாருங்கள். மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று ஊர்க்காரர்களையே எழுதச் சொல்லியிருந்தார்கள். வேலையிழந்த ஒருவரின் தாளில் காலை ஆறு மணிக்கு எழுந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பியது, விறகும் தண்ணீரும் கொண்டுவந்தது எல்லாம் இருக்கிறது. பிறகு, என்ன சமைப்பது என்று மனைவி கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க அவர் வயல்பக்கம் போய்விடுகிறார். பத்து முதல் பதினொன்று வரை என்ற கட்டத்தில் அவர் எழுதியிருப்பது, அதற்குள் மதியமாகிவிடுகிறது என்பதுதான். அடுத்த கட்டம் காலி. நூலகக் கணக்கு கேட்ட கேள்விக்கு அந்தக் காலிக் கட்டத்தில் பதில் இருக்கிறது. நேரம் பெருகவில்லை, கரைந்துபோயிருக்கிறது.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு மனிதரின் துயரமாக மட்டும் இருந்திருக்கும். ஆய்வாளர்கள் ஊரின் பிரதான தெருவைப் பார்த்தபடி ஒரு ஜன்னலருகே கடிகாரத்தோடு உட்கார்ந்து, போகிறவர்களின் நடையை அளந்தார்கள். ஆண்கள் நின்று நின்று நடந்தார்கள். பெண்கள் நிற்காமல், வேகமாகப் போனார்கள். பெண்களுக்குப் போனது சம்பளம் மட்டும்தான், அடுப்பும் துணியும் பிள்ளைகளும் அப்படியே இருந்தன என்பதை அந்த நடைவேகம் காட்டியது. கணக்கு கேட்டதற்குத் தாள் பதில் சொல்லியது; தாள் சொன்னது தெரு முழுக்க உண்டா என்று மறுபடி எண்ணிப் பார்த்தார்கள்.

எது முந்தி, எது பிந்தி

வரிசை மூன்று வகை. முதலில் கணக்கெடுத்து, புரியாத இடத்தை நேர்காணலால் விளக்குவது ஒன்று. முதலில் பேசிப் பார்த்து, கிடைத்த சொற்களை வைத்து வினாப்பட்டியல் கட்டுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே காலத்தில் சேகரித்துக் கடைசியில் பொருத்துவது மூன்றாவது. புதிதாக வருபவர்கள் மூன்றாவதை நோக்கித்தான் ஓடுகிறார்கள், ஒரே பயணத்தில் வேலை முடியும் என்று. தனியாள் ஒருவர் அதைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. காலையில் கட்டம் நிரப்பி, மாலையில் மனம்விட்டுப் பேச வைத்து, இரவில் இரண்டையும் எழுதி வைக்க ஓர் ஆளால் முடியாது. இரண்டில் ஒன்று ஒப்புக்கு நடக்கும்.

நம் பஸ் ஆய்வுக்கு நான் சொல்லும் வரிசை: சிறிது பேச்சு, பிறகு கணக்கு, பிறகு மீண்டும் பேச்சு. ‘வேலை’ என்பதற்கு ஊரில் என்ன பொருள் என்று தெரியாமல் வினாப்பட்டியல் எழுதவே முடியாது. கணக்கு வந்தபின் அதில் பொருந்தாமல் நிற்பவர்களைத் தேடிப் போகாமல் விளக்கவும் முடியாது.

எந்தப் பகுதிக்கு எடை அதிகம் என்பதையும் இப்போதே குறித்துவிடுங்கள். செவிலியல் ஆய்வாளர் ஜானிஸ் மோர்ஸ் 1991இல் இதற்கு ஒரு குறியீட்டு முறை கொண்டுவந்தார். எடை கூடிய முறையை ஆங்கிலப் பெரிய எழுத்திலும் குறைந்ததைச் சிறிய எழுத்திலும் எழுதுவார்கள். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது. நான் கரும்பலகையில் தடித்த கோடும் மெல்லிய கோடும் போட்டுக் காட்டுவேன். கோட்டுக்குக் கோடு இடைவெளியில் ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்கு மேல், இங்கிருந்து அங்கே எது போகிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். ‘ஊர்ச் சொற்கள் வினாப்பட்டியலுக்கு’. ‘கணக்கில் பொருந்தாத இருபது பேரின் பெயர் நேர்காணலுக்கு’. மேலே எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்த அம்புக்குறியை அழித்துவிடுங்கள்.

யாரிடம், எத்தனை பேரிடம்

384 என்ற எண்ணை எல்லா ஆய்வேடுகளிலும் பார்க்கலாம். 95 சதவீத நம்பகத்தோடு, கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் பிழைக்குள் ஒரு விகிதத்தை மதிப்பிடத் தேவையான மாதிரி அளவு அது. ஆனால் ஊர் ஊராகப் போகாமல், மொத்தப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தால்தான் அந்த எண் செல்லும். நீங்கள் செய்யப்போவது இருபது ஊர், ஊருக்கு இருபது பெண்கள். ஒரே ஊர்ப் பெண்களுக்கு ஒரே பஸ், ஒரே நேரம். அவர்கள் பதில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமையை 0 முதல் 1 வரை அளப்பார்கள். அது 0.05 என்ற சிறிய அளவில் இருந்தாலே, ஊருக்கு இருபது பேரில் ஒன்றைக் கழித்த பத்தொன்பதை அதனால் பெருக்கி ஒன்றைக் கூட்ட 1.95 வருகிறது. அதாவது 384க்குப் பதில் அதன் 1.95 மடங்கு, ஏறத்தாழ 750 பேர் வேண்டும். பயணம் பற்றிய ஆய்வில் ஒப்புமை இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். எனவே ஒரே ஊரில் ஆட்களைக் கூட்டுவதைவிட ஊர்களைக் கூட்டுங்கள்.

நேர்காணலுக்கு எத்தனை பேர் என்பதற்கு இப்படிச் சூத்திரம் இல்லை. கானாவிலும் நைஜீரியாவிலும் நடந்த 60 நேர்காணல்களை வைத்து 2006இல் வந்த ஓர் ஆய்வில், முதல் பன்னிரண்டிலேயே முக்கியமான கருத்துகள் பெரும்பாலும் வந்துவிட்டன என்று காட்டினார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரியான பின்னணி உள்ளவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டதால் அப்படி அமைந்தது. உங்கள் ஊரில் விவசாயக் கூலி, பீடி, கடை வேலை என்று மூன்று கூட்டம் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாகவே எண்ண வேண்டும்.

இதைவிட முக்கியமானது, இரண்டு மாதிரிகளையும் இணைப்பது. வினாப்பட்டியலின் கடைசியில் ‘பிறகு ஒருநாள் வந்து விரிவாகப் பேசலாமா?’ என்று கேட்டு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். பெயரும் முகவரியும் அந்த எண்ணும் சேர்ந்த பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டதால், கணக்கில் வியப்பூட்டிய பெண்கள் யார் என்றே தெரியாமல், கிடைத்தவர்களிடம் பேசித் திரும்பியவர்கள் பலர்.

கேள்வி பிறக்கும் இடம்

ஆலங்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முன்சோதனைக்குப் போயிருந்தோம். திண்ணையில் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மாள். மடியில் சுளகு. சுளகில் அளவாக வெட்டிய இலை, ஓரத்தில் தூள், விரலில் நூல். கண் எங்கள் மேல் இருந்தாலும் கை நிற்கவில்லை. மாணவி தாளைப் பார்த்துக் கேட்டாள்:

“வேலைக்குப் போகிறீர்களா, அம்மா?”

“இல்லைம்மா, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.”

மாணவி ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். இந்த ஒரு பதிலுக்குள் அந்த அம்மாள் இரண்டு பீடியைச் சுற்றி, நுனி மடக்கி, சுளகின் ஓரத்தில் வைத்துவிட்டார். “அப்படியானால் இது என்னம்மா?” என்று நான் கேட்டேன். “இது பீடி. வேலை என்றால் வெளியே போய்ப் பார்ப்பதுதானே?” என்றார்.

இந்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 92, 93 என்று இரண்டு குறியீடுகள் உண்டு. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர்கள் முதலாவதில். வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுத் தேவைக்குத் துணி தைப்பது போன்றவற்றையும் செய்பவர்கள் இரண்டாவதில். இருவருமே உழைப்பாளர் தொகைக்குள் வரமாட்டார்கள். கூலிக்குப் பீடி சுற்றும் பெண் அந்தக் கட்டங்களுக்கு உரியவர் அல்லர். ஆனால் கணக்கெடுப்பவர் ‘சும்மாதான் இருக்கிறேன்’ என்பதை அப்படியே எழுதிக்கொண்டால் அங்கேதான் போய் விழுவார்.

அன்று மாலை அந்தக் கேள்வியை அடித்துவிட்டோம். ‘நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்தீர்கள்?’ என்று கேட்டு, அதில் எதற்குக் காசு வந்தது, அந்தக் காசு யார் கைக்கு வந்தது என்று தொடர்ந்தோம். மரியென்தாலின் நேரத்தாள்தான், கொஞ்சம் சுருங்கிய வடிவில். நேரம் பிடிக்கும். ஆனாலும் இதைக் குறைக்காதீர்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வினாப்பட்டியலை ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்காதீர்கள். முதல் சுற்றுப் பேச்சில் பெண்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். எழுதியதைப் பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, ‘இதில் நான் என்ன கேட்கிறேன், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். எங்கே திணறுகிறார்களோ அந்தக் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

களத்தில்

கணக்கெடுப்பைக் கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலியில் கைபேசியிலேயே செய்யலாம். இணையம் இல்லாத ஊரிலும் பதிவாகும். நேர்காணலுக்கு ஒலிப்பதிவு, அதற்கு முன் ஒப்புதல். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் பேசியதைத் தமிழிலேயே எழுதித் தமிழிலேயே குறியிடுங்கள் (எந்தப் பேச்சு எந்தக் கருத்தைச் சேர்ந்தது என்று பக்கத்தில் பெயரிட்டு வைப்பதுதான் குறியிடுவது). ‘சும்மா’ என்ற சொல்லை மொழிபெயர்த்த அன்றே உங்கள் ஆய்வின் பாதி போய்விடும்.

கணக்கெடுப்புக்கும் இரண்டாம் சுற்று நேர்காணலுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். முதல் பகுதியைப் பகுத்துப் பார்க்காமல் இரண்டாவதற்குப் போனால் அம்புக்குறிக்கு வேலையே இல்லை. கால அட்டவணை நெருக்கும்போது எல்லோரும் முதலில் வெட்டுவது இந்த இரண்டு வாரத்தைத்தான். வெட்ட வேண்டுமானால் ஆட்களின் எண்ணிக்கையை வெட்டுங்கள்.

முடிச்சுப் போடும் நாள்

ஒரு பெரிய தாளில் அட்டவணை போடுங்கள். இடது பத்தியில் பேச்சிலிருந்து வந்த வகைகள், அடுத்த பத்தியில் அந்த வகையினரின் எண்கள், மூன்றாவதில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தபின் உங்களுக்குத் தோன்றுவது. மரியென்தால் குழு குடும்பங்களை வீடு வீடாகப் பார்த்து நான்கு வகையாகப் பிரித்திருந்தது: மனம் உடையாதவர்கள், கிடைப்பதோடு அமைந்துவிட்டவர்கள், நம்பிக்கை இழந்து தவிப்பவர்கள், எதிலும் பிடிப்பற்றுப் போனவர்கள். பழகிப் பார்த்துச் செய்த பிரிவு அது. பக்கத்தில் ஆளுக்கு மாத வருமானத்தை எழுதினார்கள், முறையே 34, 30, 25, 19 ஷில்லிங். நிமிர்ந்து நிற்கும் வீட்டுக்கும் விழுந்துவிட்ட வீட்டுக்கும் இடையே பதினைந்து ஷில்லிங். வகைகளை மட்டும் வைத்தோ, வருமானத்தை மட்டும் வைத்தோ இதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அவர்களிடம் நூறு குடும்பங்களின் விவரம் இருந்தது. உங்கள் பதினைந்து நேர்காணல்களில் ஒன்பது பேர் ஒன்றைச் சொன்னால் ‘60 சதவீதம்’ என்று எழுதாதீர்கள். ஒன்பது பேர் என்றே எழுதுங்கள்.

சில நேரம் இரண்டு பத்தியும் முரண்படும். பயந்து ஒன்றை மறைக்கத் தோன்றும். செய்யாதீர்கள், அதுதான் உங்களுக்குக் கிடைத்த பெரிய பொருள். கட்டணமில்லாத பயணத்துக்கும் நடத்துனர் சீட்டுக் கொடுக்கிறார். அந்தச் சீட்டுக் கணக்கில் பயணம் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெண்களோ, ‘பஸ் நிற்பதே இல்லை, போவதைக் குறைத்துவிட்டோம்’ என்கிறார்கள். இரண்டும் ஒரே பொருளைத்தான் எண்ணுகின்றனவா என்று முதலில் பாருங்கள். சீட்டு எண்ணுவது பயணத்தை. இரண்டு பஸ் மாறிப் போகும் பெண் ஒரு நாளில் நான்கு சீட்டாக மாறிவிடுகிறார். அடுத்து, இரண்டும் ஒரே ஆட்களைப் பற்றியவையா? பேருந்து நிலையத்தில் ஏறுபவர்கள் சீட்டில் இருக்கிறார்கள், வழி நிறுத்தத்தில் கைகாட்டி நின்று ஏமாந்தவர்கள் எந்தச் சீட்டிலும் இல்லை. பிறகு காலம்: இரண்டும் ஒரே மாதத்தைச் சேர்ந்தவையா? இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு நோட்டோடு போய் அந்த வழி நிறுத்தத்தில் இரண்டு காலைப் பொழுதுகள் ஆறிலிருந்து பத்துவரை உட்காருங்கள். எத்தனை பஸ் வந்தது, எத்தனை நின்றது, எத்தனை பெண்கள் காத்திருந்தார்கள் என்று எழுதுங்கள்.

எழுதும்போது முறைவாரியாக அத்தியாயம் பிரிக்காமல் கேள்விவாரியாகப் பிரியுங்கள். ‘யார் பஸ் ஏறுகிறார்கள்’ என்ற அத்தியாயத்தில் அட்டவணையும் இருக்கும், அந்த நிறுத்தத்துப் பெண்ணின் பேச்சும் இருக்கும், நீங்கள் எண்ணிய பஸ்களும் இருக்கும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஊருக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். நாங்கள் போனபோது, வேலைக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கையை வேப்பமரத்தடியில் வாசித்துக் காட்டினோம். பின்னாலிருந்து ஒரு பெண், “நீங்கள் வந்தது அறுப்பு முடிந்த பிறகு. நடவு நேரத்தில் கேட்டிருந்தால் இந்தக் கூட்டத்தில் ஒருத்திகூட ‘வேலைக்குப் போகவில்லை’ என்று சொல்லியிருக்கமாட்டாள்” என்றார். கணக்கெடுத்த மாதத்தையும் அவர் சொன்ன அந்த வாக்கியத்தையும் அட்டவணைக்கு மேலேயே எழுதினோம்.